வெள்ளைத் திட்டு விழுந்த மஞ்சள் டேங்

கொச்சி மீன் வியாபாரி போனில் சொன்னதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மஞ்சள் டேங் ஒன்று வந்திருக்கிறது, உடம்பில் அங்கங்கே வெள்ளை, வேண்டுமா என்றார். டேங் என்பது உள்ளங்கை அகலத் தட்டைக் கடல்மீன். வெறும் மஞ்சளே வீட்டுத் தொட்டியில் கண்ணைப் பறிக்கும். அதில் வெள்ளைத் திட்டோடு கிடைப்பது அபூர்வம். விலையைக் கேட்காமலே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியைக் கையில் கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார். சில மீனுக்கு இந்த வெள்ளை கடைசிவரை நிற்கும், சிலதுக்கு மஞ்சள் வந்து மூடிவிடும், அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது என்றார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

தெர்மாகோல் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். குமுளி செக்போஸ்டில் திறக்கச் சொன்னார்கள். திறந்ததும், அதட்டிய அதிகாரியே செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். கேமரா வைத்த செல்போன் எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்த நேரம் அது. கூடலூர் தாண்டுவதற்குள் பாதி பஸ் எட்டிப் பார்த்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அண்ணன் காலையிலேயே தேனிக்கு வேலைக்குப் போய்விடுவார். திராட்சைத் தோட்டம் முழுக்க மதினி பொறுப்பு. மருந்தடிப்பதில் அவர் கைக்கணக்கு தப்பாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் மருந்து கலக்குவார்கள்.

பல் விளக்குவதற்கு முன்னால் தொட்டி முன் போய் நிற்பேன். முதுகில் ஒரு திட்டு, விலாவில் மூன்று. எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் மறுவேலை. அந்த வெள்ளை நிற்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். கண்ணாடியில் கிளிப் போட்டுச் செருகிய கீரையைத் தின்னும், என் கையைக் கண்டால் மட்டும் பாறைக்குப் பின்னால் ஓடிவிடும். திமிர் பிடித்த மீன். அந்தத் திமிரும் பிடித்திருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தொட்டிக்கு விளக்கு வாங்க மதுரை போனேன். சாயங்காலம் திரும்பி வந்தால், மணலில் நத்தைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. தொட்டியில் விட்டிருந்த இறால் இரண்டும் செத்திருந்தன. மீன் ஒரு மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மதினி பக்கத்திலேயே அரிவாளோடு நின்றார்.

"தம்பி, மீனுக்குச் சாம்பல் விழுந்திருக்கு. நீங்க பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறீக. அதான் மயில்துத்தம் ஒரு சிட்டிகை, சுண்ணாம்பு ஒரு சிட்டிகை கரைச்சு விட்டேன். அரிவாளை முக்கிப் பாத்துட்டேன், செம்பு ஏறல."

திராட்சை இலையில் வெள்ளை பூத்தால் சாம்பல் விழுந்தது என்பார்கள், எங்கள் பக்கம் துத்தமும் சுண்ணாம்பும்தான் அதற்கு மருந்து. கலவையில் அரிவாளை முக்குவார்கள். துத்தத்தில் இருக்கிற செம்பு இரும்பில் படிந்தால் இலை கருகும், படியாவிட்டால் அடிக்கலாம். அவர் கொடியைப் பார்க்கிற கண்ணால் என் மீனைப் பார்த்திருக்கிறார். நத்தைக்கும் இறாலுக்கும் துத்தம் விஷம் என்று அவருக்கு யார் சொல்வது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். படிக்காத ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு எதையும் வளர்க்க முடியாது என்றுகூடச் சொன்னேன். அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடல்தண்ணீர் கலக்க வைத்திருந்த உப்பையெல்லாம் கரைத்துப் பாதித் தண்ணீரை மாற்றினேன். இரண்டு நாள் மீன் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை கீரையை ஒரு கடி கடித்தது, இன்னொரு கடி, அப்புறம் விடவில்லை. பிழைத்துக்கொண்டது என்று வீடு முழுக்கக் கத்தினேன். மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், கிட்ட வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது விலாவில் ஒரு திட்டு சுருங்கியிருந்தது. உடனே வியாபாரிக்குப் போன் போட்டேன். துத்தத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை, நான் அன்றே சொன்னேனே என்றார். அதை மதினியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திட்டுகள் ஒவ்வொன்றாக மூடின. பொங்கல் கழிந்து ஒரு காலையில் மீன் முழு மஞ்சளாக நின்றது. இனி ஊர் உலகத்தில் இருக்கிற மஞ்சள் டேங்கில் அதுவும் ஒன்று.

தோட்டத்திலிருந்து வந்த மதினி கண்ணாடி கிட்டே வந்து நின்றார். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தீகளா தம்பி, மருந்து கேட்டுருச்சு. கொஞ்சம் லேட்டாத்தான் கேக்கும்."

வியாபாரி சொன்னது தொண்டை வரைக்கும் வந்தது. "ஆமா மதினி, கேட்டுருச்சு" என்றேன்.

அவர் ஒரு கீரையை எடுத்துத் தண்ணீருக்குள் நீட்டினார். மீன் ஓடவில்லை. நேராக வந்து அவர் விரலிலிருந்தே பிடுங்கித் தின்றது. எனக்குப் பொறாமையாக இருந்தது, ஆனாலும் இன்னொரு கீரையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.