வெண்கலக் காலத்தில் சாப்பாட்டு மேசை

கேட்ட மாத்திரை கடையில் இல்லையென்றால், "இதுவும் அதே மருந்துதான், கம்பெனிதான் வேற" என்று கூசாமல் எடுத்துக் கொடுக்கிற மருந்துக்கடைக்காரர் அவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் அந்தத் தாராளம் செல்லாது. அங்கே அவரும் மச்சினனும் பக்கத்து வீட்டுக்காரரும் விளையாட்டாக, ஆளுக்கொரு வீரனாகத் தங்களை நினைத்துக்கொண்டு, பகடை உருட்டி, வாயாலேயே போர் நடத்துவார்கள். விளையாட்டில் கதை நடப்பது வெண்கலக் காலத்தில். அந்தக் காலத்தில் இருந்த ஆயுதம்தானா என்று பார்த்து அனுமதி தருபவர் அவர்தான்.

மச்சினன் நீண்ட வாள் கேட்டான்.

"வெண்கலத்துல அவ்வளவு நீளம் வார்த்தா வளைஞ்சிடும் மாப்ள. குத்துவாள் எடுத்துக்கோ."

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் இரும்புச் சங்கிலிக் கவசம் கேட்டார்.

"அதுக்கு இன்னும் ஆயிரம் வருஷம் பொறுக்கணும் டாக்டர்" என்று சொல்லி, கெட்டித் துணிக் கவசம் ஒன்றை அவருக்கு ஒதுக்கினார்.

இப்படியே பல ஞாயிறுகள் போயின. எதிரி ராஜா கோட்டை வாசலில் காத்துக் கிடந்தான். மேசை எப்போது காலியாகும் என்று தட்டோடு நின்ற மனைவிக்கு அன்று பொறுமை போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் கல்லு எடுத்துக்கறேன்."

அவர் யோசித்துப் பார்த்தார். கல் எந்தக் காலத்திலும் உண்டு, மறுக்க வழியில்லை. அவள் இரண்டு பகடைகளையும் உருட்டினாள். இரண்டிலும் ஆறு விழுந்தது. ராஜா மண்டை உடைந்து செத்தான்.

"போர் முடிஞ்சுது. மேசையைத் துடைங்க" என்றாள்.

மச்சினன் சந்தோஷமாகத் துணி எடுக்க ஓடினான். டாக்டர் தட்டுகளை வைத்தார். மருந்துக்கடைக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அது என்ன கல்லு?" என்று மெல்லக் கேட்டார். "அந்த ராஜாவோட கோட்டைப் பக்கத்துல கருங்கல்லே கிடையாதே."