ராமேஸ்வரத்துக் காய்ச்சல்

எழுபதுகளில், தூத்துக்குடியில் சிறுமியாக இருந்த எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்தது. கட்டிலே ஆடும்படி நடுங்கினேன். மாதா கோயில் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த கன்னியாஸ்திரீ, "வெளியூர் எங்கயும் போனீங்களா?" என்று கேட்டார்.

"ஊரைத் தாண்டலையே, மதர்" என்று அம்மா சிலுவை போட்டுச் சொன்னாள். ராமேஸ்வரத்துச் சிவனைக் கும்பிட்டு வந்தது பாதிரியார் காதுக்குப் போய்விடுமே!

"ராமேஸ்வரத்துல கொசு பிச்சு எடுத்துட்டுல்லாம்மா" என்று நான் போட்டு உடைத்தேன்.

மதர் அம்மாவை முறைத்துக்கொண்டே என் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார். மலேரியாதான். எனக்குக் கசப்பு மாத்திரை, அம்மாவுக்குப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம்.

காய்ச்சல் விட்டதும் அம்மா துணிப்பையை எடுத்தாள்.

"ஏளா, கொசுவலையையும் எடுத்து வை. உனக்குச் சொகமானா வாறேன்னு சிவனுக்கு நேந்திருக்கேன்லா."