கொள்ளைப் படத்தை நான் சொன்ன விதம்

மலாயாவில் பேசாத படங்கள் ஓடிய இருபதுகளில், ஈப்போ நகரத்துக்குப் போய் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வங்கிக் கொள்ளைப் படம். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் படம் நன்றாக இருந்ததை மறைப்பானேன்? நான்கு திருடர்கள், நாலு பேருக்கும் தொப்பி. திருடப் போகிறவன் எதற்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுடைய தலைவன் வேறு, அடிக்கொருதரம் சிரித்துக்கொண்டிருந்தான். “இவன் திருடனா, மாப்பிள்ளையா?” என்று பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஆனால் அவன் கூரைக் கண்ணாடியைப் பெயர்த்துக் கயிற்றில் இறங்கினானே, அப்போது கடித்துக் கடித்து என் நகமெல்லாம் போய்விட்டது. கீழே காவல்காரன் தூங்குகிறான். இவனுடைய சப்பாத்துக் கால் அவன் மூக்குக்கு ஒரு சாண் மேலே ஆடுகிறது. ஐயோ, மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அடித்துக்கொண்டேன். அதுதான் அந்தப் படம் செய்த அக்கிரமம். நம்மைத் திருடன் பக்கம் உட்கார வைத்துவிட்டது.

எங்கள் ரப்பர் தோட்டம் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டுக்கு வெளியே இருந்தது. நான் மரங்களில் பால் வெட்டினேன். அவருக்குப் புகை வீட்டில் வேலை. ரப்பர் தாள்களைக் கழிகளில் தொங்கவிட்டு, நாள்கணக்கில் புகை போட்டுக் காய வைக்கும் அந்தக் கட்டடத்தின் சாவி அவரிடம்தான் இருந்தது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில், மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய் வயாங் என்கிற படம் பார்க்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் மறுநாள் வேலை முடிந்ததும் தண்ணீர்க் குழாயடியில் நான் கதை சொல்லியாக வேண்டும். நான் சொல்லி முடிப்பதற்குள் யாராவது என் குடத்தை நிரப்பி வைத்துவிடுவார்கள். அது எங்கள் லயத்து வழக்கம்.

நானும் ஏனோதானோவென்று சொல்லமாட்டேன். வெள்ளைக்காரன் ஊர்க் கதை நம் ஆட்களுக்குப் புரிய வேண்டாமா? ராணி வந்தால் அவளை, எங்கள் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையின் வீட்டம்மா ஆக்கிவிடுவேன். காவல்காரன் வந்தால் அவன் கங்காணி. வங்கிக்குத்தான் வழி தெரியவில்லை. குழாயடியில் ஒருத்தியும் வங்கியைக் கண்டதில்லை.

“நம்ம பொகை வீடுன்னு வெச்சுக்குங்க” என்றேன். “கதவுல இம்மாம் பெரிய பூட்டு. ஆனா கூரைல பொகை போற வாய் இருக்குல்ல? ஞாயித்துக்கெழம மத்தியானம் நெருப்ப ஆற விடுவாங்க. அங்க ஒரு ஈ காக்கா இருக்காது. அது வழியா எறங்குறான் பாருங்க!”

அடுத்த வீட்டுக்காரி என்னைவிட இளையவள். எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். “அந்த வாயில ஆளு நொழைய முடியுமாக்கா?” என்றாள்.

“ஒன் வீட்டுக்காரரு மாதிரி ஒல்லின்னா தாராளமா நொழையலாம்டி!”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, புகை வீட்டைத் திறந்த என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். கூரை வாயின் தகரம் வளைந்து கிடந்தது. கழிகளில் பாதிக்குமேல் வெறுமையாக இருந்தன. கதவின் பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

தொரைக்குத் தமிழ் தெரியும். திட்டுகிற தமிழ் இன்னும் நன்றாகத் தெரியும். நெருப்பு எப்போது ஆறும் என்று சாவிக்காரனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமைப் பெரட்டுக்குள் திருடன் கிடைக்காவிட்டால் என் வீட்டுக்காரருக்கு வேலையில்லை, லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்தப் பெரட்டில், எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். யாருக்குத் தெரியும் என்றா கேட்டார் தொரை? குழாயடியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்! கிழமை, நேரம், வழி எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி நான்தானே சொன்னேன். நுழைய முடியுமா என்று கேட்டவள் ஒருத்திதான். அவள் வீட்டு அடுப்பு எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம். அவள் புருஷன் இருமினால்கூட எனக்குத் திக்கென்றது. என்ன சமைக்கிறாள், புதுச் சீலை கட்டியிருக்கிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். கருவாடு வறுத்தாள், அவ்வளவுதான். அதற்கும் சந்தேகப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர், “வா, ஈப்போ போலாம். இங்க உக்காந்தா எல்லாரும் மூஞ்சி மூஞ்சியா பாக்குறாங்க” என்றார்.

அன்று பார்த்தது ஓர் அழுகைப் படம். செய்யாத குற்றத்துக்காகக் கணவனைச் சிறைக்கு இழுத்துப் போகிறார்கள். யார் செய்தது என்று மனைவிக்குத் தெரியும். தெரிந்தும் ஜன்னலோரம் நின்று விசும்புகிறாள், கைக்குட்டையைப் பிசைகிறாள். திரைக்குக் கீழே வாசித்த பியானோக்காரரும் வாத்தியத்தில் விடாமல் அழுதார். இவ்வளவு நேரம் அழ வைக்க என்ன இருக்கிறது? ஒரு வாக்கியம் சொன்னால் முடிகிற கதை! எனக்குப் பொறுக்கவில்லை. “சொல்லித் தொலையேண்டி!” என்று கத்திவிட்டேன். முன் பெஞ்சிலிருந்த சீனர் திரும்பிப் பார்த்தார். கடைசியில் அவள் நீதிமன்றத்தில் கையை நீட்டிச் சொல்ல, புருஷன் வெளியே வர, எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு முதுகெல்லாம் வியர்வை.

திரும்பும் ரயிலில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“கத சொன்னது ஒரு தப்பா? கேட்டவ எல்லாம் திருடியா? அவ பேர இழுக்காத. கம்முனு இரு” என்றார்.

இருந்தேனா? விடிந்ததும் பெரட்டில் தொரை என் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டபோது, நான் வரிசையை விட்டு முன்னால் போய்விட்டேன். குழாயடியில் சொன்ன கதையைத் தொரையிடமும் சொன்னேன். படத்தில் அவள் நின்ற மாதிரியே நிமிர்ந்து நின்றேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

“அந்த வழியைப் பற்றி யார் கேட்டது?” என்றார் தொரை.

கையை நீட்டினேன்.

அவள் மறுக்கவில்லை. இடுப்பில் பிள்ளையோடு அப்படியே நின்றாள். “கேட்டேன்தான் தொரை. கத நல்லாருந்துச்சி, அதான் கேட்டேன்” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நீதானேக்கா சொல்லிக்கிட்டிருந்த?” என்றாள்.

மத்தியானத்துக்குள் அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். ஒரு பாய், இரண்டு சட்டி, பிள்ளை. தாப்பா பக்கம் வேலை தேடிப் போனதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு வேலை நிலைத்தது. அன்று நான் வைத்த சோற்றை அவர் தொடவில்லை.

அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதே கூரை வாயின் தகரம் மறுபடியும் வளைந்தது. மறுபடியும் தாள்கள் போயின. அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

இந்த முறை தொரை யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஆளை ஏற்றிக் கூரை வாயில் கம்பி வலை அடிக்கச் சொன்னார். அரைமணி நேர வேலை. அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். “எங்கே இருக்கிறார்கள்?” என்றார். எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை பிறந்த பிறகு இரண்டு முறை தாப்பாவுக்குப் போனேன். கடை கடையாக விசாரித்தேன். இரண்டாவது முறை, பஸ் நிற்கும் இடத்தில் ஒருத்தி அவள் மாதிரியே தெரிந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல், ஒரு கடைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அவள்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.