முதுகிலிருந்து முழங்கைக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களோடு டாக்டர் பெனியாமினா கைகுலுக்கும்போது அவருடைய இடது கை சும்மா இருப்பதில்லை. மெல்ல ஊர்ந்து எதிராளியின் முழங்கைக்குப் போய், பின்புறத்துக் கூர் எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. எங்கள் தீவின் தலைநகர் அப்பியாவில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. வெள்ளைத் தொப்பி வைத்த பெண்கள் தாங்களாகவே கையை மடக்கிக் காட்டுகிறார்கள்.

"பெனி, என் கைமுட்டி எப்படிப்பா இருக்கு?"

"இன்னும் நாப்பது வருஷம் ஓடும், அத்தை. உங்க வாய்தான் முதல்ல தேயும்."

ஐம்பத்திரண்டு வயது. நாற்காலிகள் பயப்படும் உடம்பு. அதில் கைகள் மட்டும் சின்னவை, பள்ளிக்கூடப் பெண்ணின் கைகள் மாதிரி. அறுவை செய்யும்போது துதிப்பாட்டின் கீழ்க்குரலை மட்டும் முனகுவார். மேல்குரலை யாராவது எடுக்க வேண்டும். பெரும்பாலும் மயக்கமருந்துக்காரர் மாட்டிக்கொள்வார். விருந்துகளில் இவர் கையில் யாரும் கத்தியைக் கொடுப்பதில்லை. சுட்ட பன்றியை வெட்டச் சொன்னால் ஒவ்வொரு தசையையும் உறையோடு பிரித்து, ரத்தக்குழாய் எங்கே நுழைகிறது என்று காட்டி முடிப்பதற்குள் சேப்பங்கிழங்கு ஆறிப்போகும்.

முழங்கையின்மேல் இவருக்கு அப்படி என்ன பிரியம்? எங்கள் மரப் பேருந்துகளைக் கேட்க வேண்டும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. உட்கார்ந்ததும் முழங்கையை வெளியே நீட்டிக் காற்று வாங்குவது எங்கள் பிறவிக் குணம். எதிரே லாரி உரசிக்கொண்டு போகும். ஓட்டுநர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். முழங்கைகள் உள்ளே வருவதாக இல்லை.

பின்முழங்கையில் சதை கிடையாது, எலும்பின்மேல் வெறும் தோல்தான். தோல் போனால் எலும்பு காய்ந்துவிடும். வேறோர் இடத்துத் தசையை, அதன் ரத்தக்குழாயை அறுக்காமல், அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். "வள்ளிக்கொடியப் பிடுங்குறதில்ல. வேர் இருந்த இடத்துலயே இருக்கும், கொடிய மட்டும் வேற பந்தல்ல ஏத்தி விடுறோம்" என்பார் டாக்டர். தசைக்குமேல் ஒட்ட மெல்லிய தோல் வேண்டும். உலகம் முழுக்க அதைத் தொடையிலிருந்து சீவுவார்கள். பல வருஷங்களுக்கு முன் வந்த ஒரு வெளிநாட்டு மருத்துவர், எங்கள் வழக்கப்படி நடுமுதுகிலிருந்து முழங்கால்வரை பச்சை குத்தியிருந்த மீனவர் ஒருவரிடமும் அப்படியே சீவிவிட்டார். இன்றுவரை அந்த மனிதரின் முழங்கையில் தொடையின் பூரான் கோலம் ஓடுகிறது. "என்னண்ணே, காலு எங்க கிளம்பிருச்சு?" என்று கேட்காதவர்கள் இல்லை.

போன வருஷம் வந்தவர் தோலோவா. ஒரு மலைக்கிராமத்தின் பேச்சாளர். சபையில் ஊருக்காக எழுந்து, ஒரு கையில் கோலை ஊன்றி, மறுகையில் தேங்காய்நார்ச் சாமரத்தைத் தோளுக்குத் தோள் வீசிப் பேசுகிறவர். அவருடைய வலது முழங்கையைப் பேருந்து ஜன்னலோரம் ஒரு லாரி வழித்துக்கொண்டு போயிருந்தது. எலும்பைச் சேர்த்து ஆணி போட்டாயிற்று. மூடுவதற்கு உள்ளங்கை அளவு தசை வேண்டும். நியூசிலாந்துக்கு அனுப்பலாம் என்றார்கள். பெரியவர் மறுத்துவிட்டார்.

"கை போனாலும் இங்கயே போகட்டும். ஆனா தம்பி, என் பச்சையில ஒரு கோடு அறுந்தாலும் நான் சபையில சட்டையைக் கழட்ட முடியாது. சட்டையோட நின்னு பேசுற பேச்சாளன எவன் மதிப்பான்?"

அறுவை அறையின் மூத்த செவிலி புவாதினோவுக்கு இதில் குழப்பமே இல்லை. "முன்கையில சுண்டுவிரல் பக்கம் நல்ல தசை இருக்கு. பச்சையும் இல்ல. திருப்பிப் போட்டா ரெண்டு மணி நேரத்துல வீட்டுக்குப் போகலாம், டாக்டர்."

டாக்டர் ஈ ஓட்டும் விசிறி ஒன்றைப் பெரியவரின் இடது கையில் கொடுத்து வீசச் சொன்னார். வீசும்போது அந்த முன்கையைப் பிடித்துப் பார்த்தார்.

"சிஸ்டர், இங்க கை வைங்க. எது துள்ளுது?"

சுண்டுவிரல் பக்கத்துத் தசைதான் துள்ளியது. புவாதினோ கையை எடுத்துக்கொண்டார்.

"இத எடுத்தா இவர் சோறு சாப்பிடலாம், கையெழுத்து போடலாம். சாமரத்த மட்டும் சுண்ட முடியாது. முதுகுத் தசையத்தான் கொண்டுவரணும்."

"முதுகுல பாதிக்குக் கீழ பச்சைதானே?"

"தோல்லதான் பச்சை. தசைல இல்ல."

கத்தி பச்சையின் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அதற்குக் கீழே தோலைத் தொடாமல், அடியில் நீள விளக்கைச் செலுத்தி, தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தார்கள். அக்குளில் அதன் ரத்தக்குழாய் அறுபடாமல் இருக்க, கைத்தோலுக்கு அடியில் வழி செய்து முழங்கைவரை இழுத்துப் போர்த்தினார்கள். மேல்தோல் கெண்டைக்காலிலிருந்து வந்தது. அங்கே பச்சை கிடையாது. ஏழு மணி நேரம் ஆயிற்று. அன்று கீழ்க்குரலும் இல்லை, மேல்குரலும் இல்லை.

தசை கறுத்தால் கையை எடுக்க வேண்டியதுதான். ஐந்து நாள் டாக்டர் யாருடைய முழங்கையையும் தொடவில்லை. ஐந்தாம் நாள் காலை கட்டைப் பிரித்து, ஓரத்தில் ஊசியால் குத்தினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பளிச்சென்று சிவப்பாக ஒரு சொட்டு எழுந்தது.

"உயிர் இருக்கு!" என்றார் புவாதினோ, சத்தமாக.

"எனக்கா, கைக்கா?" என்றார் பெரியவர்.

அடக்கம் என்பது டாக்டரிடம் மருந்துக்கும் இல்லை. ரொட்டிக்காரர் முதல் பெருக்குகிறவர்வரை அன்று வார்டைக் கடந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "கடல் தாண்டல. இங்கயே, நம்ம கையால!" அவர் பெருமைப்பட்டதில் தப்பே இல்லை. எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அந்தக் கிராமத்தில் புதிய சபைக்கூடம் திறந்தார்கள். யார் பேசுவது என்று பேச்சாளர்கள் வழக்கம்போல வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் தோலோவாவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவர் சட்டையில்லாமல் எழுந்தார். முதுகில் நீளமாக இறங்கிய தழும்பு பச்சைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றிருந்தது. விருந்தினர் பாயில் சம்மணமிட்டிருந்த டாக்டர் அந்த மணிக்கட்டையே பார்த்தார். சாமரம் வலது தோளுக்குப் போனது, இடது தோளுக்குப் போனது, சுளீரென்று மறுபடி வலது தோளில் விழுந்தது.

பெரியவர் முதல் வார்த்தையை எடுத்தார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு பேச்சைக் கேட்கத் தொடங்கினார்.