எஸ்தர் வாங்காத தட்டு

பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்காரரின் தறி ஓடும்வரை எஸ்தருக்குத் துணை உண்டு; அது நின்றால் மின்விசிறிதான். பேச ஆளில்லாத அந்த அறையில் உட்கார்ந்து, நாடுகள் பேசிக்கொள்வதை அவள் படித்தாள்.

தூதரகக் கடிதங்களை மட்டுமே படிக்கும் ஒரு செயற்கை நுண்ணறிவை எங்கோ ஒரு நிறுவனம் வளர்த்துவந்தது. ஒரே பக்கம் நின்று போரிடும் நாடுகள் எழுதிக்கொள்ளும் மாதிரிக் கடிதங்கள் அவள் திரைக்கு வரும். நட்பா, மறுப்பா, மிரட்டலா என்று அவள் குறிப்பாள், இயந்திரம் கற்றுக்கொள்ளும்.

அன்று ஒரு பெரிய நாடு தன் சின்னக் கூட்டாளிக்கு எழுதியிருந்தது: ‘உங்கள் வீரர்களின் தியாகத்தை மறவோம். எதிரியோடு சமாதானம் பேசப் போகிறோம். முடிவானதும் உரிய மரியாதையோடு தெரிவிப்போம்.’

எஸ்தர் ‘மறுப்பு’ என்று குறித்தாள். அதே கடிதத்தைப் படித்த மற்றவர்கள் அத்தனை பேரும் ‘நட்பு’ என்றிருந்தார்கள். குழுத்தலைவன் கமல் போனில் பிடித்துக்கொண்டான்.

“இன்னாம்மா எஸ்தர், அவன் நன்றின்றான், மரியாதைன்றான், நீ மறுப்புன்னு போட்டுக்கினு இருக்கிற?”

“பேசறப்ப அந்தச் சின்ன நாட்டக் கூப்புடலியேபா.”

“நீ இன்னா, ஐ.நா. சபையா? எல்லாரோடயும் ஒத்துப்போவலன்னா சிஸ்டமே தூக்கிடும். சாயங்காலத்துக்குள்ள மாத்திடு.”

இந்த வேலை போனால் மறுபடி பட்டுக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை மடிக்க வேண்டும்.

தாமல் பக்கம் அவள் ஊர். முன்பு ஒருமுறை ஏரி மண்ணை அள்ள வந்த லாரிகளை ஊரும் காலனியும் சேர்ந்துதான் மறித்தன. அடித்த லத்தி சாதி கேட்கவில்லை. ஜெயித்தபின், ஏரிமீன் குத்தகையை யாருக்கு விடுவது என்று கோயில் மண்டபத்தில் கூடினார்கள். எஸ்தரின் வீடு இருந்த காலனிக்கு அழைப்பு வரவில்லை. வெற்றிலைத் தட்டு வந்தது. பேசி முடித்தாயிற்று என்று தெரிவிக்க அந்த ஊரில் அதுதான் வழக்கம். பாக்கு, பழம், பூ, எதிலும் குறையில்லை. எதிர்த்துக் கேட்கத்தான் வழியில்லை. எந்தச் சாமியும் இறங்கி வந்து இப்படிச் செய்யச் சொல்லவில்லை. மனிதனை வெளியே நிறுத்த மனிதன் செய்த ஏற்பாடு. லத்தியடியில் முறிந்த கையைக் கழுத்தில் மாட்டிய தூளிக்கட்டிலிருந்து உருவி, அப்பா தனசேகரன் அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் சாகும்வரை எஸ்தர் அதைப் பற்றி அவரிடம் பேசவேயில்லை.

கீழே தறி நின்றது. எஸ்தர் எதையும் மாற்றவில்லை.

சற்று நேரத்தில் திரை பூட்டிக்கொண்டது. ‘உங்கள் அரிய பங்களிப்புக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் பணி நிறைவுற்றதை மரியாதையோடு தெரிவிக்கிறோம்.’

கமலை அழைத்தாள், எடுக்கவில்லை. வேறு யாரை அழைப்பதென்று தெரியவில்லை. அந்த இரண்டு வரியை மறுபடி படித்தாள். அதன் கீழே எதையும் குறிக்க இடம் விட்டிருக்கவில்லை.