ஜெமீலா, பக்கத்தில் ஒரு ரெண்டு

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. பில் நம்பர் அடிக்க உட்கார்ந்தேன். 2-ஐத் தட்டினால் é என்று விழுகிறது. e-யின் தலையில் கொசு உட்கார்ந்திருக்கிறது என்று துப்பட்டாவால் திரையைத் துடைத்தேன். சிரிக்காதீர்கள், நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். விற்றவருக்குப் போன் போட்டேன். "அது பிரெஞ்சு கீபோர்டும்மா. அவங்களுக்கு அந்த எழுத்துதான் முதல்ல. நம்பர் வேணும்னா ஷிஃப்டையும் சேத்து அமுக்கணும்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு பில் அடிக்கக் கை வரவில்லை. ஜெமீலா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது.

அறந்தாங்கியில் நான் முதலில் வேலை பார்த்த பிரௌசிங் சென்டருக்கு ஒரு வாசனை உண்டு. சூடான ஜெராக்ஸ் தாளும் கடைசி கேபினில் யாரோ கொட்டிய டீயும் கலந்த வாசனை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "மக கம்ப்யூட்டருக்குள்ள இருக்கா" என்று அம்மா கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்தாள். நானும் அந்த மிதப்பில்தான் இருந்தேன். @-ஐ "சுத்துன a" என்றும் #-ஐ "ஜன்னக்கம்பி" என்றும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் மத்தியில் மிதப்புக்குக் கேட்பானேன்.

ஜெமீலா அக்காவின் கணவர் அல்ஜீரியாவில் கட்டட வேலையில் இருந்தார். மகள் பிறந்ததும் லீவில் வந்தவர், குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க, அக்கா அவருடைய போனிலேயே படம் எடுத்தார். திரும்பிப் போய், கேம்ப் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் திறந்து அத்தனை படங்களையும் அதில் போட்டார். பாஸ்வேர்டையும் அக்காவிடம் சொன்னார். "ஒன் பேரு, பக்கத்துல ஒரு ரெண்டு. போய்ப் பாரு."

அக்கா எங்கள் சென்டருக்கு வந்து சொல்ல, jameela2 என்று அடித்தேன். தவறு என்றது. மறுபடியும் அதேதான். அக்கா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மச்சான், தொறக்க மாட்டேங்குது."

"ரெண்டுதான போட்டீங்க?"

"ரெண்டுதான்ணே" என்றேன் நான்.

"இங்க டக்குன்னு தொறக்குதே! அந்தப் புள்ளைக்கு டைப் அடிக்கத் தெரியுமா, தெரியாதா?"

"அது படிச்ச புள்ள மச்சான்! நீங்கதான் வேற எவ பேரையாச்சும் போட்டு வச்சிருப்பீங்க!"

பக்கத்துக் கேபினில் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். எனக்குத்தான் காது சுட்டது.

அக்காவுக்குத் தனியாக ஒரு மெயில் திறந்து கொடுத்தேன். வெள்ளிக்கிழமை லீவில் அதற்கே படங்களை அனுப்பிவிடுவதாகச் சொன்னார் அண்ணன். அந்த வெள்ளி வருவதற்குள் சாரம் சரிந்து இறந்துபோனார். உடல் பெட்டியில் வந்தது. படம் எடுத்த அவருடைய போன் வரவில்லை.

அதன் பிறகும் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். "இன்னொரு தடவ போட்டுப் பாரு தங்கச்சி." பெரிய எழுத்தில் அடிப்பேன், சின்ன எழுத்தில் அடிப்பேன், இடம் விட்டு அடிப்பேன். பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால், அது அண்ணனுடைய அல்ஜீரியா நம்பருக்கே குறுஞ்செய்தி அனுப்பியது.

போன வாரம்தான் தெரிந்தது, அல்ஜீரியாவிலும் பிரெஞ்சு கீபோர்டுதானாம். 2 போட்டிருக்கும் பொத்தானைத்தான் அவர் ஒவ்வொரு தடவையும் தட்டியிருக்கிறார். விழுந்தது é. பாஸ்வேர்டு கட்டத்தில் எல்லாம் புள்ளியாகத்தான் தெரியும், அவர் எங்கே பார்க்க? அவர் சொன்னதும் பொய்யில்லை, நான் அடித்ததும் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் நஸ்ரின் இப்போது ஏழாவது படிக்கிறாள். மூவரும் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்தோம். பாஸ்வேர்டு கேட்கும் இடம்வரைக்கும்கூடப் போகவில்லை. மெயில் ஐடியைப் போட்டதுமே, அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. பல வருஷம் திறக்காததை அழித்துவிடுவார்களாம்.

"அத்தா என்னை எப்படிம்மா தூக்கி வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள் நஸ்ரின்.

அக்கா வெறுங்கையை மடித்துக் காட்டினார். "இப்படித்தான். தல இங்கிட்டு." கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்திருந்துவிட்டு, மறு கையை மடித்தார். "இல்ல, அங்கிட்டா? ஒனக்கு ஞாபகம் இருக்கா தங்கச்சி?"

நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.