இடது கண்ட்ரோல்

உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் என் தப்பால் ஒருவருடைய வேலை போனது ஒரே ஒரு தடவை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

கிராமத்து கம்ப்யூட்டர் சென்டர்களுக்காக நானே ஒரு பூட் மெனு எழுதியிருந்தேன். மெஷினை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்னால், மெனு பத்து வினாடி நிற்கும். அப்போது கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே F10 தட்டினால், கெட்டுப்போன விண்டோஸை அழித்துவிட்டு நல்ல காப்பியைத் திரும்பப் போடும். வெறும் F10 என்றால் யாராவது தெரியாமல் தட்டிவிடுவார்கள் என்றுதான் கண்ட்ரோலையும் சேர்த்தேன். பதினைந்து இடங்களில் ஓடியது. ஒரு புகாரும் வந்ததில்லை.

மானாம்பதியில் கலைவாணி என்ற அம்மா நடத்திய சென்டரில் தாமோதரன் என்பவர் ஆபரேட்டராகப் புதிதாகச் சேர்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"சார், மெஷின் விண்டோஸுக்குள்ள போவல. நர்சிங் அப்ளிகேஷனுக்கு இன்னிக்குதான் கடைசி நாளு. ஒரு பொண்ணு வந்து குந்திக்கினு கீது."

"பயப்படாதீங்க. ரீஸ்டார்ட் பண்ணி, கண்ட்ரோலைப் புடிச்சிக்கினு F10 தட்டுங்க."

தட்டினார். மெனு அசையவில்லை.

"கண்ட்ரோல் அமுக்கினீங்களா?"

"அமுக்கிக்கினுதான் கீறேன் சார். வலது பக்கத்துது."

"எந்தப் பக்கமா இருந்தா இன்னா? ஒழுங்கா அமுக்குங்க."

நாலு தடவை ஆயிற்று. எனக்குப் பொறுமை போய்விட்டது. "சென்டர்ல வேலை பாக்கிறீங்க, ரெண்டு கீயைச் சேத்து அமுக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். "தெரியும் சார்" என்று மட்டும் சொன்னார்.

கலைவாணி அம்மா அந்தப் பெண்ணை ஸ்கூட்டரில் ஏற்றி உத்திரமேரூருக்குக் கூட்டி வந்து அப்ளிகேஷனைப் போட்டுவிட்டார். மத்தியானம் நான் சென்டருக்குப் போனபோது தாமோதரன் சாப்பிடப் போயிருந்தார். முதல் தட்டிலேயே மெனு வேலை செய்தது.

"கோளாறு மெஷின்லயா சார், ஆள்கிட்டயா?" என்று கலைவாணி அம்மா கேட்டார்.

"மெஷின் நல்லாத்தாம்மா கீது. உங்க ஆளுக்குத்தான் அமுக்கத் தெரியல."

மறுநாள் அவரை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு கீபோர்டு ரிப்பேருக்கு வந்தது. டீ கொட்டி இடது பக்கத்து கண்ட்ரோல் செத்துப்போயிருந்தது. அதைக் கடையில் இருந்த சோதனை மெஷினில் மாட்டி, அதே மெனுவில் வலது கண்ட்ரோலை அழுத்தி F10 தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினேன். அப்போதுதான் போனில் கேட்ட குரல் ஞாபகம் வந்தது.

நான் எழுதிய மெனு புரோகிராமைத் திறந்து பார்த்தேன். விண்டோஸுக்குள் இருக்கும்போது எந்த கண்ட்ரோலை அழுத்தினாலும் ஒன்றுதான். பூட் நேரத்தில் அப்படி இல்லை. இடதை அழுத்தியதைக் காட்ட ஒரு பிட், அதாவது ஒரு தனி அடையாளம்; வலதுக்கு வேறு பிட். இரண்டையும் புரோகிராம் எழுதுகிற நாம்தான் பார்க்கவேண்டும். நான் இடதை மட்டும் பார்த்திருந்தேன்.

கலைவாணி அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அவருக்கு இடது கை மணிக்கட்டோட கெடையாது சார். நெல்லு அடிக்கிற மிஷின்ல போயிடுச்சு. நீங்க அப்படிச் சொன்னதும், ஒத்தக் கையால முடியல போலன்னு நானும் நெனச்சிட்டேன்."

திருப்புலிவனத்தில் தாமோதரன் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். யார் என்று சொன்னதும், "உள்ள வாங்க சார்" என்று நாற்காலியை ஒரு கையால் இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நடந்ததை முழுக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அப்ப அன்னிக்கு நான் அமுக்கினது சரிதானே சார்?"

"சரிதாங்க. நான் எழுதினதுதான் தப்பு."

உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இத அவகிட்டயும் ஒரு வாட்டி சொல்லுங்க சார். மூணு மாசமா என் கையையே நான் சந்தேகப்பட்டுக்கினு கீறேன்."

அந்த அம்மாவிடமும் சொன்னேன்.

கலைவாணி அம்மா மறுபடி கூப்பிட்டும் தாமோதரன் போகவில்லை. பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலையை நான் வாங்கித் தரவில்லை, அவரே தேடிக்கொண்டார்.

பதினைந்து இடங்களுக்கும் நேரில் போய் மெனுவை மாற்றினேன். இப்போது இரண்டு கண்ட்ரோலும் வேலை செய்யும். சேர்த்து அழுத்த முடியாதவர்கள் F10-ஐ மட்டும் மூன்று தடவை தட்டினாலும் போதும். எதை எழுதினாலும் இடது கையால் மட்டும் ஒரு தடவை, வலது கையால் மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே தருகிறேன்.

இதையெல்லாம் நீங்களும் கற்றுக்கொள்வீர்கள், கஷ்டமில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு, சொல்கிறவரை நம்புவது. போனில் ஒருவர் "அமுக்கினேன்" என்று சொன்னால், அவர் அமுக்கியிருக்கிறார். கோளாறை அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.